வில்சன் நோய்: மூளையிலும் கல்லீரலிலும் செம்பு சேரும் பரம்பரை நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரம்பரையாக வரும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளில் மூளையைப் பாதிப்பவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பலவற்றுக்கு இன்றுவரை மருந்து இல்லை. வில்சன் நோய்க்கு 1956 முதல் வாய்வழி மருந்து இருக்கிறது. இருந்தும் இந்த நோயில் பிள்ளைகளை இழக்கும் குடும்பங்கள் இன்னும் இருப்பதற்கு இரண்டு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். நோய் என்னவென்று தெரியவே பல வருடங்கள் ஆகிவிடுகிறது, அல்லது உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

வில்சன் நோய் என்றால் என்ன?

சாப்பாட்டின் வழியாகத் தினமும் 1 முதல் 2 மில்லிகிராம் செம்பு நம் உடம்புக்குள் போகிறது. தேவை அதைவிடக் குறைவு. மிஞ்சுவதைக் கல்லீரல் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பிவிடும், அது மலத்தோடு வெளியேறும். இந்த வேலையைச் செய்வது ஏடிபி7பி என்ற புரதம். செம்பை செருலோபிளாஸ்மின் என்ற இரத்தப் புரதத்தில் ஏற்றிவிடுவதும் அதுதான். அந்தப் புரதத்துக்கான மரபணு 13ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதிகளும் பழுதாகப் பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே செம்பு கல்லீரலில் தங்க ஆரம்பிக்கிறது. கல்லீரல் தாங்கும்வரை தாங்கும். அப்புறம் இரத்தத்தில் கசிந்து மூளை, கண், சிறுநீரகம் என்று போய்ப் படியும். மூளையில் அதிகம் அடிபடுவது ஆழத்தில் இருக்கும், கைகால் அசைவையும் பேச்சையும் ஒழுங்குபடுத்தும் பகுதிகள்.

உலக அளவில் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு.

எந்த வயதில், எப்படித் தொடங்கும்?

பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில். சிறு பிள்ளைகளில் கல்லீரல் கோளாறாகவும், பதின்வயதிலும் இருபதுகளிலும் மூளைக் கோளாறாகவும் வெளிப்படுவது அதிகம்.

பள்ளிப் பிள்ளைகளிடம் முதலில் கெடுவது பல நேரம் கையெழுத்து. நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளை கோணல்மாணலாக எழுதும், தேர்வை நேரத்துக்குள் முடிக்காது. பேச்சு குழறும், வாயில் எச்சில் ஒழுகும், டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். சிலருக்குக் கை அல்லது கழுத்து முறுக்கிக்கொள்ளும். உதடுகள் இழுபட்டு, எப்போதும் சிரிப்பது போன்ற முகம் வரும். வகுப்பில் அந்தச் சிரிப்புக்காக அடி வாங்கும் பிள்ளைகளும் உண்டு.

இன்னொரு பாதை மனநிலை வழியாக வருகிறது. காரணமில்லாத கோபம், அழுகை, படிப்பில் திடீர்ச் சரிவு, சில சமயம் தெளிவான மனநோய். காதல் தோல்வி, செல்போன் பழக்கம், காத்து கருப்பு என்று ஊர் ஒரு காரணம் சொல்லும். மந்திரிக்கப் போவார்கள். மனநல மருத்துவரிடம் போனாலும், நோய் தெரியாமல் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் கொடுக்கப்பட்டால் விறைப்பும் நடுக்கமும் கூடிவிடும், ஏனென்றால் வில்சன் நோயாளிகளுக்கு அந்த வகை மருந்து அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

கல்லீரல் வழியாக வருபவர்களுக்கு மஞ்சள் காமாலை, கால் வீக்கம், வயிற்றில் நீர். நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது வழக்கம். காமாலை சில வாரங்களில் தானாக இறங்கிவிடும், கீழாநெல்லிக்குப் பெயர் கிடைக்கும். நாலைந்து வருடம் கழித்துக் கை நடுங்கும்போது பழைய காமாலையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எனவே மருத்துவரிடம் போகும்போது சின்ன வயதில் வந்த காமாலையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?

பல நேரம் முடியும். கருவிழியின் ஓரத்தில் செம்பு படிந்து பழுப்பு அல்லது பச்சை கலந்த வளையம் தெரியும். இதை முதலில் விவரித்தவர்கள் ஜெர்மானிய மருத்துவர்களான கைசர் (1902), ஃபிளைஷர் (1903). அவர்கள் பெயரால்தான் கைசர்-ஃபிளைஷர் வளையம் என்கிறோம். மூளைப் பாதிப்போடு வருபவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இது இருக்கும். கல்லீரல் பாதிப்பு மட்டும் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். நம்முடைய கரிய கண்களில் இது வெறுங்கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடக்கூடாது. கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்க வேண்டும், வலி இல்லாத பரிசோதனை.

வேறு என்ன பரிசோதனைகள்?

இரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, மூளைக்கு எம்.ஆர்.ஐ., கல்லீரலுக்கு ஸ்கேன், தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை.

செருலோபிளாஸ்மின் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம், 10க்குக் கீழே போனால் வலுவான சந்தேகம். ஆனால் இந்த எண் ஏமாற்றும். காய்ச்சல், அழற்சி, கர்ப்பம், கருத்தடை மாத்திரை எல்லாம் அதை உயர்த்திக் காட்டும். ஊட்டச்சத்துக் குறைவும் சிறுநீரகத்தில் புரதம் கசிவதும் குறைத்துக் காட்டும். ஒரு எண்ணை வைத்து உண்டு, இல்லை என்று முடிவு கட்டும் மருத்துவரிடம் இன்னொரு கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

சிறுநீர்ச் செம்பு, அறிகுறி உள்ளவர்களிடம் பொதுவாக ஒரு நாளில் 100 மைக்ரோகிராமைத் தாண்டும். இதில் தவறு நடப்பது ஆய்வகத்தைவிட வீட்டில்தான் அதிகம். காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அப்போதிருந்து அடுத்த நாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல், ஆய்வகம் கொடுக்கும் பிளாஸ்டிக் கேனில் பிடிக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் நாளில் இது நடக்காது; ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் நடுமூளை சிலருக்குப் பாண்டா கரடி முகம் மாதிரியே தெரியும். அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால் கேலி என்று நினைக்க வேண்டாம், கதிரியக்கவியலில் அதற்கு அதுதான் பெயர்.

இரத்தத்தில் செம்பு குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியானால் வில்சன் நோய் எப்படி இருக்கும்?

நிறையக் குடும்பங்கள் தடுமாறுகிற இடம் இது. இரத்தத்தில் ஓடும் செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மினில் ஏறியிருப்பது. வில்சன் நோயில் அந்தப் புரதமே குறைவு என்பதால் மொத்தச் செம்பும் குறைவாகவே வரும். தீங்கு செய்வது எதிலும் ஏறாமல் தனியாகத் திரியும் செம்பு, அது கூடியிருக்கும். ஆகவே அந்த ரிப்போர்ட் நோய்க்கு ஒத்துப்போகிறதே தவிர மறுக்கவில்லை. "செம்பு குறைவு" என்று செம்புச் சத்து மாத்திரையைத் தொடங்கிவிட்டால்தான் ஆபத்து.

பிறந்தவுடனே பரிசோதித்திருக்கக் கூடாதா?

எல்லாக் குழந்தைக்கும் பிறக்கும்போது செருலோபிளாஸ்மின் குறைவாகவே இருக்கும், அதனால் அந்தப் பரிசோதனையால் பிறந்த குழந்தையிடம் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றுமில்லை. குழந்தைக்கு எங்கிருந்து வந்தது?

இரண்டு பேரிடமிருந்தும். ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது என்று இருப்பவர்களுக்கு நோய் வராது, வாழ்நாள் முழுக்கத் தெரியவும் தெரியாது. ஏறத்தாழ 90 பேரில் ஒருவர் அப்படி இருக்கிறார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் தாய் வழி என்றோ தந்தை வழி என்றோ பழி சொல்ல இடமே இல்லை. மருமகள் வீட்டிலிருந்து வந்த வியாதி என்று பேசும் வீடுகளில் இந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டலாம்.

சொந்தத்தில் திருமணம் செய்ததால்தானா?

உறவில் மணந்த எல்லோருக்கும் வருவதில்லை, அந்நியத்தில் மணந்தவர்களுக்கு வராமலும் இல்லை. ஆனால் வாய்ப்பு கூடுவது உண்மை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 30 ஆண்டுகளில் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேரின் பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள்.

கணக்காகவே பார்ப்போம். வில்சன் நோயுள்ள ஒரு பையன், உறவில்லாத பெண்ணை மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர ஏறத்தாழ 180இல் ஒரு வாய்ப்பு. அதே பையன் தாய்மாமன் மகளை மணந்தால், எட்டில் ஒன்று. அக்கா மகளை மணந்தால் ஆறில் ஒன்று. சொத்து வெளியே போகக்கூடாது, பெண் தெரிந்த இடத்தில் இருக்கட்டும் என்பதெல்லாம் புரிகிறது. இந்த நோய் இருக்கும் குடும்பத்தில், மரபணுப் பரிசோதனை செய்யாமல் முறைப்பெண்ணைக் கட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது. மற்றவர்களையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. தம்பி நன்றாக ஓடியாடுகிறான், தங்கை வகுப்பில் முதல் மாணவி என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது. அண்ணனும் போன வருடம் அப்படித்தான் இருந்தான். கண், செருலோபிளாஸ்மின், கல்லீரல் பரிசோதனை, சிறுநீர்ச் செம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நோயுள்ள பிள்ளையின் மரபணுப் பழுது எதுவென்று தெரிந்திருந்தால், மற்றவர்களுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையிலேயே தெளிவாகிவிடும்.

அறிகுறி வருவதற்கு முன் கண்டுபிடித்து மருந்து தொடங்கியவர்கள், மருந்தை விடாமல் எடுத்தால், நோயின் பாதிப்பே இல்லாமல் படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளைக்கும் இருக்கிறது என்று கேட்பது பயங்கரமான செய்தி. அந்த இரண்டாவது பிள்ளைக்கு அது உயிர் காக்கும் செய்தி.

என்ன மருந்துகள்?

முதலில் கொஞ்சம் வரலாறு. லண்டனில் பணியாற்றிய சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 1912இல் இந்த நோயை விரிவாக எழுதினார். காரணம் செம்பு என்று உறுதிப்படவே 1940களின் கடைசி ஆகிவிட்டது. அப்போது இருந்த ஒரே வழி வலி மிகுந்த ஊசி. பெனிசிலின் உடம்பில் சிதைந்து பெனிசிலமின் ஆவதை முன்பே கண்டிருந்த ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர், அதன் வேதியமைப்பு செம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று ஊகித்தார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் தானே விழுங்கிப் பார்த்தார். 1956இல் முடிவுகளை வெளியிட்டார். இன்றும் நம் ஊர் நோயாளிகளில் பெரும்பாலோர் எடுப்பது அந்தப் பெனிசிலமின்தான்.

பெனிசிலமின் உடம்பில் சேர்ந்த செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன் அல்லது 2 மணி நேரம் பின், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். கூடவே பி6 வைட்டமின் கொடுப்பார்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு வரலாம். பின்னாளில் சிறுநீரில் புரதம் கசியலாம், இரத்த அணுக்கள் குறையலாம். அதனால்தான் அடிக்கடி இரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்கிறார்கள். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டிரையென்டைன் உண்டு. விலை அதிகம், இங்கே எளிதில் கிடைப்பதும் இல்லை. மூன்றாவது துத்தநாகம், அதாவது ஜிங்க். குடலிலேயே செம்பை மறித்து உள்ளே போகவிடாது. விலை குறைவு, வேலை மெதுவாகத்தான் செய்யும். அறிகுறி வராதவர்களுக்கும், முதல் கட்டச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் ஏற்றது. ஜிங்கையும் பெனிசிலமினையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரண்டும் வீண். இடைவெளி விட வேண்டும்.

மருந்து தொடங்கியபின் நடுக்கம் கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மூளைப் பாதிப்பு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பெனிசிலமின் ஆரம்பத்தில் நிலைமையை மோசமாக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் சின்ன அளவில் ஆரம்பித்து வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுகிறார்கள். அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்பது அவர் முடிவு.

எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்?

வாழ்நாள் முழுக்க.

"இப்போதுதான் நன்றாக இருக்கிறானே" என்று நிறுத்துவது மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். சிலருக்கு வருடக்கணக்கில்கூட. பிறகு ஒரு நாள் கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழக்கும், அந்த நிலையில் மருந்து எட்டாது. படிப்புக்கு விடுதி போகும் வயதும், புது வேலையில் சேரும் வயதும் அதிக ஆபத்தானவை. அம்மா எடுத்துக் கொடுத்துப் பழகிய மாத்திரை அங்கே நின்றுபோகிறது. திருமணமான பெண்கள் மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை மறைப்பதும், பிறகு விட்டுவிடுவதும் நடக்கிறது. வீட்டில் எப்போதும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். எல்லா மருந்துக்கடையிலும் இது கிடைக்காது.

சாப்பாட்டில் என்ன கட்டுப்பாடு?

ஈரல், நண்டு, இறால், சிப்பி, கணவாய், காளான், சாக்லேட், முந்திரி, பாதாம், எள் ஆகியவற்றை விலக்குங்கள், குறிப்பாக முதல் வருடத்தில். சோறு, இட்லி, பால், தயிர், முட்டை, பெரும்பாலான காய்கறிகள் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பருப்பில் ஓரளவு செம்பு உண்டு, அதற்காகச் சாம்பாரை நிறுத்த வேண்டியதில்லை. சத்து மாத்திரை, சத்து மாவு டப்பாக்களில் "காப்பர்" என்று இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்கும். மது அறவே கூடாது.

பத்தியத்தால் மட்டும் இந்த நோய் அடங்காது. ஒரு துண்டு சாக்லேட்டுக்காகப் பிள்ளையை அழவைத்துவிட்டு, மாத்திரையைத் தவறவிடும் வீடுகள் உண்டு. முன்னுரிமை மாத்திரைக்கு.

செம்புக் குடத்துத் தண்ணீர், பித்தளைப் பாத்திரம்?

வில்சன் நோயாளிக்கு இரண்டும் வேண்டாம். இரவு முழுக்கச் செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் நல்லது என்று இப்போது பாட்டில்கள் விற்கிறார்கள். மற்றவர்கள் விருப்பம், இந்த நோய் உள்ளவர்களுக்கு எவர்சில்வர் போதும். புளி, தயிர், எலுமிச்சை பட்டால் பித்தளையிலிருந்தும் வெண்கலத்திலிருந்தும் செம்பு இறங்கும். பொங்கலன்று வெண்கலப் பானையில் வைத்தாலும் நோயாளியின் பங்கைத் தனியாகச் சமைத்துக் கொடுங்கள்.

பாத்திரச் செம்பு குழந்தைகளின் கல்லீரலைக் கெடுத்தது நம் நாட்டில் உண்மையாகவே நடந்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பால் காய்ச்சிக் கொடுத்ததோடு தொடர்புடைய, இந்தியக் குழந்தைகளிடம் கண்ட ஒரு வகைக் கல்லீரல் சிதைவை 1980களில் புனே ஆய்வுகள் சுட்டிக்காட்டின. பாத்திரம் மாறியது, அந்த நோயும் ஏறத்தாழ மறைந்தது. அது வில்சன் நோயிலிருந்து வேறானது. இதில் பாத்திரத்தை மாற்றினால் மட்டும் போதாது.

சித்த மருத்துவத்தில் தாமிர பற்பம், தாமிரச் செந்தூரம் என்று செம்பு சேர்ந்த மருந்துகள் உண்டு. சித்த மருத்துவரிடம் போனால் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தால் தீருமா?

செம்புச் சிக்கல் தீரும், ஏனென்றால் புதுக் கல்லீரலில் ஏடிபி7பி சரியாக வேலை செய்கிறது. கல்லீரல் திடீரென்று செயலிழந்தவர்களுக்கும், மருந்தில் தேறாதவர்களுக்கும் இது உயிர் காக்கிறது. ஒரு பிரதி மட்டும் பழுதான அப்பாவோ அம்மாவோ தங்கள் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். மூளைப் பாதிப்புக்காக மட்டும் செய்வதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்கு இடம் இருக்கிறது.

கர்ப்பம் தரிக்கலாமா?

தரிக்கலாம், மருந்தைத் தொடர்ந்துகொண்டே. கர்ப்பத்தில் மாத்திரை கெடுதல் என்று பயந்து நிறுத்துவது தாய்க்குப் பேராபத்து. அளவை மருத்துவர் மாற்றுவார், தாய்ப்பால் கொடுப்பது பற்றியும் அவரிடம் முன்பே பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி போடுவது அரசு மருத்துவமனைகளில் வழக்கம். வில்சன் நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது. பிரசவ அட்டையில் பெரிதாக எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

முழுக்கப் பழையபடி ஆவானா?

எவ்வளவு சீக்கிரம் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் தெரியத் தொடங்கி இரண்டு வருடம் வரை தொடரும். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்திருக்கிறார்கள். பேச்சுக் குழறலும் முறுக்கலும் சிலரிடம் மிச்சமிருக்கும். பேச்சுப் பயிற்சியையும் பிசியோதெரபியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு நோய். தங்கைக்கு வரன் பார்க்கிறோம், சொல்ல வேண்டுமா?

தங்கைக்குப் பரிசோதனை முடிந்து நோயில்லை என்று ஆகியிருந்தால், அவள் சுமப்பவளாக, அதாவது ஒரு பிரதி மட்டும் பழுதானவளாக, இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. உறவில்லாத மாப்பிள்ளை என்றால் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. சொல்வதா என்பது குடும்பத்தின் முடிவு; பொய் சொல்லிச் செய்யும் கல்யாணம் பின்னால் பெண் தலையில்தான் விடியும் என்பது என் கருத்து. தங்கைக்கே நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவள் மாத்திரையை மறைக்காமல் சாப்பிட வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது, எழுத முடியவில்லை. என்ன செய்வது?

மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால் அரசுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு ஒரு வகையாக இருக்கிறது. நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் போய் நின்றால் வேலை நடக்காது, பள்ளி திறந்ததுமே தொடங்கிவிடுங்கள்.